மைக்செட் உபயம்

ஒரே ஒரு ஊர், அந்த ஊரைச் சுற்றி ஏழு ஊர், அத்தனை ஊருக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊறுகிற கிணறு ஒன்றே ஒன்று என்று ஆகிப்போன காலத்தில், ராஜாக்கள் எல்லாம் போய் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ராஜாவை மாற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்ட காலத்தில், கூத்தனேந்தலில் தவசிலிங்கம் என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரன் இருந்தான். அவனுக்குச் சீனியம்மாள் என்று ஒரு அக்காள் இருந்தாள். அந்த ஒரே ஒரு கிணறு அவளுடையதாக இருந்தது.

மற்றக் கிணறுகள் எங்கே போயின என்றால், எங்கும் போகவில்லை, அங்கங்கேதான் இருந்தன. தண்ணீர் மட்டும் கீழே கீழே இறங்கி, கயிறு எட்டாத ஆழத்துக்கு இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் நடந்து, ஊருக்கு மேற்கே பத்மநாதன் முதலாளி வைத்திருந்த தண்ணீர்க் கம்பெனியின் போர்க் குழாய்களில் ஏறி, பாட்டிலுக்குள் உட்கார்ந்து மூடி போட்டுக்கொண்டு, மதுரைக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தது. முதலாளியைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதிரே ஆட்டுக்குட்டி வந்தாலும் காரை நிறுத்தி, அது கடந்து போகிறவரை பொறுத்திருக்கிற மனுஷர்.

கம்பெனியை அடைக்கச்சொல்லி எட்டு ஊரும் ரோட்டில் உட்கார்ந்த அன்றைக்கு, தவசி கம்பெனி டேங்கர் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தான். லாரி நின்றது, கொஞ்சம் தாமதமாக நின்றது, தோளில் காறையெலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு அவன் ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்த அழகைப் பார்த்துவிட்டுத்தான் எட்டு ஊரும் கூடி, இந்தத் தடவை நம்ம பயலையே எம்.எல்.ஏ.வுக்கு நிறுத்துவோம் என்று முடிவெடுத்தது. கோயில் திருவிழாவுக்குப் பிரிக்கிற மாதிரியே வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி பிரித்தார்கள், ஐயனார் சன்னதியில் அவன் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். சீனியம்மாள் தன் வெள்ளாடுகள் அத்தனையும் விற்று டெபாசிட் கட்டினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் தவசி" என்றாள். "கம்பெனி போரை மூடுவேன்னு நீ ஊர் ஊராப் போயிச் சொல்லணும். சனம் கேக்கச் சொல்லணும். சொல்லிட்டு ஜெயிச்சா மூடித்தான ஆகணும். என் கெணறு அது வரைக்கும் தாங்குனாப் போதும்."

"இதுக்குத்தானக்கா நிக்கிறதே" என்றான் தவசி.

முதலாளியின் மானேஜர் ஒரு பையோடு வந்தார். கோயில் கமிட்டித் தலைவர் மாயழகு அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, "கூத்தனேந்தல்காரன் காசுக்கு மசியமாட்டான்னு போயிச் சொல்லுங்க" என்று பையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பதை ஊர் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போய்க் கிடந்தபோது, அடுத்த வாரம், ஒரு வேன் வந்து நின்றது. வேன் தலையில் நாலு பக்கமும் பார்த்த மாதிரி நாலு கூம்புக் குழாய், உள்ளே ஆம்ப்ளிபயர், ஜெனரேட்டர், சிவப்புக் கயிறு சுற்றிய மைக், எல்லாவற்றையும் இயக்குவதற்கு முதலாளியிடம் சம்பளம் வாங்குகிற காசிமாயன் என்கிற ஆள். காசிமாயன் இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, "முதலாளி உபயம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கூத்தனேந்தலில் ஒரு வழக்கம் உண்டு. பணம் வேறு, உபயம் வேறு. பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உபயத்தை யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் எனக் கூடாது. டியூப் லைட் உபயம் என்று ஒருவர் கொடுத்து, அதில் அவர் பேரையும் அவர் அப்பா பேரையும் எழுதி எழுதி வெளிச்சம் வர இடமே இல்லாமல் போனாலும் அதை மாட்டித்தான் ஆகவேண்டும். மைக்கில் மூன்று தடவை அவர் பேரைச் சொல்லவேண்டும். காப்புக் கட்டினதிலிருந்து காப்பு அவிழ்க்கிறவரை உபயதாரரைப் பற்றி ஒரு பொல்லாப்பு வார்த்தை யார் வாயிலும் வரக் கூடாது.

"மைக்செட்டுக்கு ஏதுய்யா கட்சி?" என்றார் மாயழகு. "இது காசா? வெறும் குழாய். பேசப்போறது நம்ம வாய்."

"வாய் நம்மளதுதான் சித்தப்பா. குழாய் அவுகளதுல்ல?" என்றாள் சீனியம்மாள்.

"ஏத்தா, உன் தம்பி தொண்டை எட்டு ஊருக்குக் கேட்டுருமா? அங்கிட்டு ரெண்டு கட்சிக்காரனும் பாட்டுப் போட்டுக்கிட்டுத் திரியுறான். பிரிச்ச வரி நோட்டீஸ் அடிக்கிறதோட தீந்துபோச்சு."

"கேக்குறவுகளுக்குக் கேக்கட்டும். ஒவ்வொரு வீடா நடந்துபோயிச் சொல்லட்டும்."

தவசி அதற்குள் மைக்கைக் கையில் எடுத்திருந்தான். அதன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "சாமி வழக்கத்தை நம்ம மீறுனதா ஆயிரக் கூடாதுக்கா" என்றான்.

அதே வாரத்தில் முதலாளி ஒரு கட்சிக்கு வண்டிகளும் இன்னொரு கட்சிக்குக் கொடிகளும் கொடுத்திருந்தார். யார் ஜெயித்தாலும் தோற்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இது பிற்பாடுதான் தெரிந்தது; தெரிந்தபோது, பாருங்க, பெரிய மனுஷர், நம்மையும் அவுகளுக்குச் சமமா வச்சிருக்காரு என்று ஊர் சொல்லிக்கொண்டது.

முதல் கூட்டம் பக்கத்து ஊரான பனைவிளாகத்தில். தவசி வேன் மேல் ஏறி, முதலாளி பேரை மூன்று தடவை சொல்லிவிட்டு, "நம்ம தண்ணிய" என்று ஆரம்பித்தான். கீழே நின்ற மாயழகு தொண்டையைச் செருமி, தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். தவசி தன் கையில் இருந்த காப்பைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தார் ரோடு போடுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினான். ரோடு என்ற சொல் குழாயைத் தாண்டி வெளியே வந்தபோது கூடவே ஒரு சொட்டுத் தண்ணீரும் வந்தது. பாலம் என்றபோது நூல்போல வந்தது. முதியோர் பென்ஷன் என்றபோது நாலு குழாயிலும் அரைக்குடம் அளவுக்குக் கொட்டி, கூட்டத்தின் தலையெல்லாம் நனைந்தது. யாரும் அலறவில்லை, யாரும் சாமி என்று கையெடுக்கவில்லை. குழாய்க்கு நேர் கீழே நின்ற ஒருத்தி பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "எவளாச்சும் ஒரு குடத்தை வையுங்கடி, வீணால்ல போகுது" என்றாள். ஆளுக்கொரு பக்கம் ஓடி ஆளுக்கொரு குடம் கொண்டுவந்தார்கள். தவசி பேசி முடித்தபோது பனைவிளாகத்தில் காலியாக ஒரு பாத்திரம் இல்லை.

அப்புறம் அது அப்படியே நடைமுறைக்கு வந்துவிட்டது. தவசி வருகிறான் என்றால் காலையிலேயே பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாகக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும், ஆட்கள் நிழலில் இருப்பார்கள். இந்தத் தெருவுக்கு முன்குழாய், அந்தத் தெருவுக்குப் பின்குழாய் என்று பஞ்சாயத்துப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு வரும் என்று பெண்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "தம்பி, நூலகமெல்லாம் எதுக்கு, தூத்தல் மாதிரி விழுகுது, பென்ஷனைப் பேசுங்க, அண்டா பாதியில நிக்கிது" என்று கீழேயிருந்து குரல் வரும். ஒரு ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் சமையலுக்கு முந்தின நாள் கூட்டம் போடச்சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். இன்னொரு ஊரில் எருமை குளிப்பாட்டுகிறவர்கள், ஒரு குழாயை மாட்டுத் தாவணிப் பக்கம் திருப்பச்சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள். தேர்தல் பறக்கும் படை ஜீப்பில் வந்து இறங்கி, வேட்பாளர் தண்ணீர் கொடுக்கிறாரா, தண்ணீர் தானாக வருகிறதா என்று விசாரித்து, வீடியோ எடுத்து, நாக்கில் விட்டும் பார்த்தது. பேச்சுக்குத்தான் விதி இருந்தது, பேச்சிலிருந்து ஒழுகுவதற்கு விதி இல்லை. ஆகவே கொண்டுவந்திருந்த கேன்களை நிரப்பிக்கொண்டு போய்விட்டது.

ஒரே ஒரு ஊரில் ஒருவர் எழுந்து, "ஏப்பா, கம்பெனி போரை என்ன செய்யப்போற?" என்று கேட்டார். தவசி தன்னை மறந்து, "அதை மூடுறதுக்குத்தான..." என்று வாயெடுத்தான். நாலு குழாயும் கர்ரென்று காறி, அப்படியே காய்ந்துபோயின. குடங்கள் பாதியில் நின்றன. கேட்டவரை அவர் பெண்டாட்டியே கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தவசி உபயதாரர் பேரைச் சொல்லி, அவர் தர்ம சிந்தையைச் சொல்லி, ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டதைச் சொன்ன பிறகு, அதுவரை இல்லாத பெருக்காகத் தண்ணீர் வந்தது. அன்றையிலிருந்து யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. முதலாளி பேரைச் சொன்னால்தான் அதிகம் வருகிறது என்று எட்டு ஊருக்கும் தெரிந்துபோனதால், தவசி அதைச் சொல்ல மறந்தாலும் கூட்டம் எடுத்துக்கொடுத்தது.

பிறகு தண்ணீரோடு சாமான்களும் விழத் தொடங்கின. முதலில் ஒரு சோப்பு டப்பா. பின்னால் ஒரு நசுங்கிய வாளி, வாளி எடுக்கப் போய்த் தானும் விழுந்த ஒரு பாதாளக் கரண்டி, எப்போதோ கைநழுவிப்போன டம்ளர்கள். விழுந்த ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். கிணற்றுக்குள் போனது திரும்பி வருகிறதே என்று சிரித்தார்கள். பனைவிளாகத்து ராக்கம்மாள் குடத்துக்குள் டங்கென்று ஒரு பித்தளைச் செம்பு விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் பேர் வெட்டியிருந்தது: சீனியம்மாள். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த சீர்ச் செம்பு, போன கோடையில் கயிறு அறுந்து கிணற்றோடு போனது.

ராக்கம்மாள் கூட்டத்தில் நின்ற சீனியம்மாளைக் கூப்பிட்டு மரியாதையாகக் கொடுத்தாள். "மதினி, உங்க செம்பு."

சீனியம்மாள் அதிலிருந்த மிச்சத் தண்ணீரை வாயில் விட்டாள். லேசான உவர்ப்பு, பின்னால் ஒரு இனிப்பு. பிறந்ததிலிருந்து குடித்த ருசி.

"இது என் கெணத்துத் தண்ணி" என்றாள் உரக்க. "நம்மகிட்ட எறைச்சுத்தான் நமக்கு ஊத்துறாக!"

கூட்டத்துக்கு அது தெரியாமல் இல்லை. அவரவர் செத்த கிணற்றின் அடி ஈரமும் அதில் கலந்திருந்ததை அவரவர் நாக்கு முன்னாலேயே சொல்லியிருந்தது.

"இருக்கட்டும் மதினி" என்றாள் ராக்கம்மாள். "உங்க கெணத்துல எறைச்சாலும் எங்களுக்குக் குடுக்காமயா இருந்திருப்பீக? இப்ப கயிறு இழுக்கிற பாடு மிச்சம். செத்த தள்ளி நில்லுங்க, குடம் நிறையப்போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். மேலே தவசி பேசிக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் சீனியம்மாள், வேன் நிழலில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த தம்பியிடம் போனாள்.

"நீ ஒரு கூட்டம் பேசுனா என் கெணத்துல ஒரு முழம் இறங்குது. தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"சனம் குடிக்கத்தான போகுது. வீணாவா போகுது?"

"சனம் குடிக்கிறதுக்கு நான் என்னைக்குடா கணக்குப் பாத்தேன்? நான் சொல்லச் சொன்னதை நீ எங்கயும் சொல்லலையே, அதைக் கேக்குறேன்."

"கையில காப்பு இருக்குக்கா. சொன்னா குழாயும் நின்னுருது. குழாய் நின்னா சனம் போயிரும். சனம் போனா ஓட்டுப் போயிரும். ஜெயிக்காம எப்புடி மூடுறது, நீயே சொல்லு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவன் சொன்னதில் பிசகு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"கடைசிக் கூட்டத்துலயாவது சொல்லு" என்றாள். "ஒரு தடவை. ஓட்டுப்போடப் போறவன் காதுல அது விழுந்திருக்கணும். அப்பத்தான் நாளைக்கு உன்னைக் கேக்க அவனுக்கு வாய் இருக்கும்."

"சரிக்கா. கடைசிக் கூட்டத்துல சத்தியமாச் சொல்றேன்."

கடைசிக் கூட்டம் சந்தைத் திடலில் நடந்தது. எட்டு ஊரும் வந்திருந்தது. குடம் வைக்க இடம் போதாமல் தலையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். ட்ரம்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டும் வந்திருந்தார்கள். சீனியம்மாள் கையில் எதுவும் கொண்டுவராமல் வேனுக்கு எதிரே, தம்பி கண்ணில் படுகிற மாதிரி நின்றாள். தவசி ரோட்டைப் பேசினான், பாலத்தைப் பேசினான், பென்ஷனைப் பேசினான். பிறகு அக்காளைப் பார்த்தான். "இன்னொண்ணு சொல்லணும், மேற்க இருக்கிற கம்பெனி..." என்றான்.

நாலு குழாயும் வற்றின.

"யப்பா, அதை உன் வீட்ல வச்சுப் பேசு! குடம் பாதியில கெடக்கு!"

"ஏய், உபயதாரரைப் பேசுறானய்யா, காப்புக் கட்டுன கையோட!"

"பச்சப்புள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணி வேணும்டா தவசி, உன் வீராப்பை அப்புறம் காட்டு!"

கம்பெனியை அடைக்கச்சொல்லி அவனோடு ரோட்டில் உட்கார்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை, தாகத்தோடு நின்றார்கள். தவசி அவர்களைப் பார்த்தான், குடங்களைப் பார்த்தான், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்த காசிமாயனைப் பார்த்தான். அக்காளை மட்டும் மறுபடி பார்க்கவில்லை. "...அந்தக் கம்பெனியை நடத்துற தர்மவான், நம்ம உபயதாரர் பத்மநாதன் முதலாளி" என்று சொல்லைத் திருப்பிப் போட்டான்.

மடை திறந்தது. திடலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பிள்ளைகள் உருண்டு விளையாடின. கிழவர்கள் வேட்டியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். தவசி வாழ்க, தவசி வாழ்க என்று குடம் தட்டிப் பாடினார்கள். சீனியம்மாள் அந்தத் தண்ணீரை மிதித்துத்தான் வீட்டுக்கு நடக்கவேண்டியிருந்தது. நேரே கிணற்றுக்குப் போய் வாளியை இறக்கினாள். கயிறு முழுக்க ஓடியது. கீழே வாளி பாறையில் போய் உட்கார்ந்து உருண்ட சத்தம் மட்டும் மேலே வந்தது.

தவசி ஜெயித்தான். அந்தத் தொகுதியில் யாருமே வாங்காத ஓட்டு வாங்கி ஜெயித்தான். முதலாளி ஒரு வெள்ளைக் கார் அனுப்பினார், அதுவும் உபயம்தான். ஐயனார் கோயிலில் காப்பு அவிழ்த்துவிட்டு, அன்று சாயங்காலமே சந்தைத் திடலில் நன்றி அறிவிப்புக் கூட்டம் என்றார்கள். இந்தத் தடவை வேன் இல்லை, மேடை போட்டிருந்தது, குழாய்கள் அதேதான். சும்மா ஆட்டோக்காரனாக இருந்தபோதே அவ்வளவு வந்தது, எம்.எல்.ஏ. பேசினால் எவ்வளவு வரும் என்று சனம் கணக்குப்போட்டு, சிமெண்ட் தொட்டியைக்கூடக் கழுவி வைத்துவிட்டு வந்திருந்தது.

தவசி நன்றி என்றான். வரவில்லை. ரோடு என்றான், பென்ஷன் என்றான். முதலாளி பேரை ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னான். குழாய்களிலிருந்து அவன் குரல்தான் வந்தது. மிகவும் தெளிவாக, எட்டு ஊருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"என்னப்பா, ஜெயிச்சதும் வாய் வத்திப்போச்சா?" என்றார் ஒருத்தர். "ஏசி கார்ல வந்தா அப்படித்தான் காயும்" என்றார் இன்னொருத்தர். கொஞ்ச நேரம் சிரித்தார்கள், கொஞ்ச நேரம் கத்தினார்கள், பிறகு அதற்கும் நாக்கு காய்ந்துபோயிற்று. மாயழகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளையிலேர்ந்து கம்பெனிக்காரக லாரியில கொண்டாந்து விக்கிறாகளாம். குடத்துக்கு இவ்வளவுன்னு. வரிசை பிடிக்கணும்னா இப்பவே போனாத்தான் ஆகும்" என்றார். ராக்கம்மாள் இரண்டு காலிக் குடத்தையும் இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஊர் ஊராகக் கலைந்து போனார்கள்.

தவசி மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது சீனியம்மாள் மட்டும் நின்றாள்.

"நீ போகலையாக்கா?"

"காப்பு அவுத்தாச்சுல்ல. சொல்லு."

"என்னத்தக்கா?"

"எதை நான் இத்தனை நாளாக் கேக்குறேனோ அதை."

தவசி திரும்பிப் பார்த்தான். காசிமாயன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். தவசி குனிந்து, "அந்த ஆளு போகட்டும்க்கா" என்றான் மெதுவாக.

காசிமாயன் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒயரைச் சுற்றி முடித்தான், கம்பத்தில் ஏறிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான், உள்ளே எட்டிப் பார்த்துத் துணியால் துடைத்தான், கட்டி ஏற்றிக்கொண்டு, "வர்றேண்ணே, எம்.எல்.ஏ. அண்ணே" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். வேன் தூசியும் அடங்கியது.

"போயிட்டான். இப்பச் சொல்லு."

தவசி மேடை விளிம்புக்கு வந்தான். தலையைத் தூக்கித் திடலின் ஓரத்தைப் பார்த்தான். வெள்ளைக் கார் கண்ணாடி ஏற்றியபடி நின்றது.

"டிரைவர் இருக்கான்க்கா."

"தூங்குறான்டா."

"முழிச்சுட்டா?"

"முழிச்சா அவனும் கேட்டுட்டுப் போறான். அவன் வீட்லயும் ஒரு கெணறு இருக்கும்ல?"

தவசி கழுத்தில் கிடந்த மாலையில் இதழ்களைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டு நின்றான். சீனியம்மாள் ஒரு ஆள் வாயைத் திறந்து மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள், அதற்கு மேலும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, திடலைக் குறுக்காகக் கடந்து, காரை ஒட்டியே நடந்து, அவளும் போய்விட்டாள்.